ஒன்றரை அங்குலம்

மார்ச் 3, செவ்வாய்

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தது உன் கண்ணில் பட வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நேற்று மதியத்திலிருந்து ஒன்பது முறை போன் செய்திருக்கிறாய். எடுக்கமாட்டேன். நான் வாயைத் திறந்தால் மூன்றாவது வார்த்தையில் நீ உள்ளே நுழைந்துவிடுவாய். அறுபத்தாறு வயதில் எனக்கு ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க ஆசையாக இருக்கிறது. நமக்கு நடுவில் அறுபது கிலோமீட்டர்தான். கடிதம் ஒன்றிரண்டு நாளில் வந்துவிடும்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரிக்குத் தைத்த இருபத்து நாலு திரைச்சீலைகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். மேம்பாலத்தை விட்டு இறங்கியதும் முன்னாலிருந்து புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி. சூடு காட்டுகிற ஊசி சிவப்பில் நிற்கிறது. நான் பதறவில்லை. ஓரம் கட்டினேன், எஞ்சினை அணைத்தேன், இறங்கினேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருப்பவனின் அக்காவுக்கு அதுகூடவா தெரியாது? கொஞ்சம் ஆறியபின் பானெட்டைத் தூக்கினால், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல் ரப்பர் குழாய் எஞ்சின் பக்கம் கழன்று தொங்கியது. உனக்குப் போன் செய்தேன். ஒரு தண்ணீர் லாரிக்காரர் உதவிக்கு வந்து நின்றிருந்தார். அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அது என் தப்பு.

"தம்பி, மேல் ஹோஸ் பிடுங்கிக்கிச்சு" என்றேன்.

நீ சிரித்தாய். சிரித்துவிட்டுச் சொன்னாய்: "போதும்க்கா. வண்டிக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சு. பதினஞ்சாம் தேதி ஆள் கூட்டிட்டு வரேன். வித்துத் தொலைச்சிரலாம்."

லாரிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். என் வண்டியைக் கயிறு கட்டி வீடு வரைக்கும் இழுத்துவந்து விட்ட நல்ல மனிதர். அவரை ஒன்றும் சொல்லமாட்டேன். உன்னைத்தான் சொல்வேன்.

வண்டி என் தையலில் வாங்கியது. அன்று எனக்கு லைசென்ஸ் இல்லை என்று உன் பெயரில் பதிந்தோம். ஓட்டக் கற்றுக்கொடு என்றேன், "அப்புறம் பாக்கலாம்" என்றாய். காலி மைதானத்தில் நானே ஓட்டி, நானே இடித்து, நானே கற்றேன். பதினொரு வருஷமாகப் பெயரை மாற்றிக் கொடு என்கிறேன். அதற்கும் அப்புறம் பாக்கலாம். வண்டி போனால் ஆஸ்பத்திரி வேலை போகும், ஓட்டல் வேலை போகும். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாதவளுக்கு யார் துணி அனுப்புவார்கள்?

அதனால் ஹோஸை நானே மாற்றப்போகிறேன். என் வாசலில், என் கையால். இன்று காலை உதிரிபாகக் கடைக்கு நடந்தே போனேன். இந்த மாடலுக்கென்று தனியாக வருவதில்லையாம், வளைவு ஒத்துப்போகிற ஒன்றை நீளமாகக் கொடுத்து, "அளவுக்கு வெட்டிக்கணும். மெக்கானிக் யாரும்மா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

சொன்னபோது உள்ளங்கால் வரைக்கும் குறுகுறுத்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ரப்பர் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தேன்.

ஆளைக் கூட்டிக்கொண்டு வா. வண்டி ஓடும்.

அக்கா


மார்ச் 5, வியாழன்

அக்காவுக்கு,

நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. தாளில் கிரீஸ் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை சத்தமாகப் படித்தேன், என் வீட்டுக்காரி கேட்டாள் என்பதால். அவள் உன் கட்சி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு மட்டும்தான் கோபமா? "பட்டறைக்காரர் அக்கா வண்டியைத் தண்ணி லாரி கட்டி இழுத்துச்சாமே" என்று இங்கே இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டார்கள். அறுபது கிலோமீட்டர் தாண்டி அந்தச் செய்தி உன் கடிதத்துக்கு முன்னால் வந்துவிட்டது. என் ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லத்தான் ஒன்பது முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

ஹோஸ் மாற்றுவது ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற வேலை இல்லை. ரேடியேட்டரின் வாய் பிளாஸ்டிக். பழைய ஹோஸ் வரவில்லையே என்று ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் படக்கென்று உடையும். அப்புறம் ரேடியேட்டரே மாற்ற வேண்டியதுதான். என்னிடம் வேலை பார்த்தவர்களே உடைத்திருக்கிறார்கள்.

பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு வாங்குபவரோடு வருவேன். வண்டியை ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓடவிடுவேன். ஊசி பாதியைத் தாண்டாமல் நின்றால் பெயர் மாற்றும் படிவத்தில் அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன். தாண்டினால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போவார், நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது.

உன்னால் பேசாமல் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

தம்பி


மார்ச் 8, ஞாயிறு

தம்பிக்கு,

வந்துவிட்டது! பழைய ஹோஸ் வந்துவிட்டது! வாய் உடையவில்லை!

கேள். வண்டிக்குள்ளேயே கிடந்த கையேட்டை வெள்ளிக்கிழமை முழுக்கப் படித்தேன். புரியாத இடத்தில் படத்தைப் பார்த்தேன். படமும் புரியாதபோது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டு, இது இங்கே போகிறது, அது அங்கே வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு சட்டையைப் பிரித்துப் போட்டது போலத் தெரிந்தது. எது எதோடு சேர்கிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன பயம்?

நேற்று காலை எஞ்சின் குளிர்ந்து கிடந்தபோது வேலையைத் தொடங்கினேன். அடியில் இருக்கிற திருகைத் திறந்து பச்சைத் தண்ணீரைச் சாயம் முக்குகிற பேசினில் பிடித்தேன். அது விஷம் என்று கையேட்டில் போட்டிருந்ததால் பூனை வராமல் பலகை போட்டு மூடினேன். கிளிப்பைத் தளர்த்தினேன். ரேடியேட்டர் வாயில் ஒட்டியிருந்த ஹோஸ் முனையை அசைத்தேன். அசையவில்லை. திருகினேன். ம்ஹும். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வந்து நின்று, "சுத்தியல் ஏதாச்சும் கொண்டுவரவாம்மா?" என்றார்.

"சுத்தியலை எடுத்துட்டு உங்க வீட்டுக்குப் போங்க" என்றேன்.

நெம்பாதே என்று நீ எழுதியதைப் படித்தேன்தான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நீ எழுதவில்லை. தெரிந்தும் எழுதவில்லை. பரவாயில்லை. தையல் பிரிக்கிற பிளேடை எடுத்து, வாய் மேல் கீறல் படாமல், ஹோஸை மட்டும் நீளவாக்கில் மெதுவாகக் கீறினேன். ஓரத்தைப் பிடித்துத் தோல் உரிப்பது போல உரித்தேன். அப்படியே கையோடு வந்தது. நான் போட்ட சத்தத்தில் மருந்துக்கடைக்காரர் மறுபடியும் ஓடிவந்தார்.

இப்போது நீ நிமிர்ந்து உட்கார்.

அந்த வாயில் கறுப்பு டேப் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. ஹோஸ் தொளதொளவென்று இருந்ததற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வாயிலிருந்து வாய்க்கு, உள்ளே ஏற வேண்டியதையும் சேர்த்து, நாடாவை வளைத்து வைத்து அளந்தேன். பதினான்கு அங்குலம். கழற்றிய ஹோஸை அளந்தேன். பன்னிரண்டரை. அது இந்த வண்டி ஹோஸே இல்லை. ஏதோ வேறு வண்டியில் கழித்ததை இழுத்துப் பிடித்துக் கிளிப் போட்டிருக்கிறார்கள். வருஷம் முழுக்க அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

போன வருஷம் இதை மாற்றியது உன் பட்டறையில். வேறெங்கும் இந்த வண்டி போனதில்லை. இது யார் வேலை?

பதில் எழுது. நான் கோபமாக இல்லை, இன்றைக்குக் கோபப்பட நேரமில்லை. புது ஹோஸையும் வெட்டி மாட்டிவிட்டேன். கிளிப்புகளை முதலில் ஹோஸில் கோத்துவிட்டுத்தான் மாட்டினேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. அளவு பதினான்கு, தையலுக்கு ஒன்றரை விட்டுப் பதினைந்தரையாக வெட்டினேன். நாற்பத்தைந்து வருஷத்தில் நான் குறைத்து வெட்டியதாக ஒருத்தரும் சொன்னதில்லை. நாளைக்குத் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்கிறேன்.

இன்றைக்குச் சாப்பிடக்கூட மறந்துபோனேன்.

அக்கா


மார்ச் 10, செவ்வாய்

அக்கா,

ஐயோ, ஹோஸுக்கு யாராவது தையலுக்கு விடுவார்களா?

ஸ்டார்ட் செய்யாதே. செய்திருந்தால் நிறுத்து. ஒன்றரை அங்குலம் கூடினால் வளைவில் மடங்கும். உள்ளே தண்ணீர் போகாது. எஞ்சின் வெந்துவிடும். இதை எழுதி என்ன பிரயோஜனம், இது வருவதற்குள் நீ எல்லாம் செய்திருப்பாய். போனை ஒரு தடவையாவது எடு என்று சொன்னால் கேட்கிறாயா?

உன் தையலைப் பற்றிப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "பிளேடு வெச்சுக் கீறணும்னு உங்க ஆளுங்களுக்கு யாராச்சும் சொல்லிக் கொடுத்திருக்கீங்களா?" என்றாள். இல்லை என்றேன். உண்மை அதுதான். நாங்கள் அடித்து இழுத்து உடைப்போம். உன் வழி நல்ல வழி. எழுதியாகிவிட்டது, சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

இப்போது சொல்வதை மட்டும் செய். சரியான அளவுக்கு வெட்டு. தண்ணீர் ஊற்றும்போது வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கட்டும். ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய், உள்ளே ஹீட்டரை முழுக்கத் திருகி வை. உள்ளே சிக்கின காற்று குமிழ் குமிழாக வரும். குமிழ் நிற்கும்வரை நீ ஊற்றிக்கொண்டே இரு. அப்புறம் மூடு. காற்று உள்ளே நின்றால் ஹோஸ் சரியாக இருந்தாலும் ஊசி ஏறும்.

டேப் விஷயம். பட்டறைக்குத் தினம் பத்து வண்டி வரும். யார் எதைச் சுற்றினார்கள் என்று எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

தம்பி


மார்ச் 12, வியாழன்

தம்பிக்கு,

ஓடுகிறது! ஊசி பாதிக்குக் கீழே ஒரு முடி இடம் விட்டு நிற்கிறது. இரண்டு நாளாக நிற்கிறது. எழுதும்போதுகூட எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நீ நடுவில் உன் பங்கைச் சேர்த்துக்கொள்வாய்.

திங்கட்கிழமை ஸ்டார்ட் செய்தேன். ஆறு நிமிஷம் நல்ல பிள்ளையாக இருந்தது. ஏழாவது நிமிஷம் ஊசி கிளம்பியது. உடனே அணைத்தேன். மருந்துக்கடைக்காரர் ஜன்னலிலிருந்து, "யாரைக் கூப்பிடட்டும்மா, மெக்கானிக்கையா டாக்டரையா?" என்றார்.

"ரெண்டு பேரும் வேணாம். நீங்க அந்த ஜன்னலைச் சாத்துங்க."

ஆறியதும் குனிந்து பார்த்தேன். கை நீளமாகத் தைத்த சட்டை முழங்கையில் சுருங்குமே, அதே மாதிரி ஹோஸ் வளைவில் சுருங்கிக் கிள்ளிப்போயிருந்தது. பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. எனக்கே சிரிப்பு வந்தது. தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ரப்பருக்கு ஓரம் மடித்து அடிக்கவா போகிறேன், எதற்கு விட்டேன் ஒன்றரை? கை தானாக விட்டிருக்கிறது. கழற்றி, வெட்டி, மறுபடி மாட்டினேன். உன் கடிதம் அப்போது இந்த ஊருக்கே வந்து சேரவில்லை. இதை இரண்டு முறை படி.

நான் கூட்டி வெட்டியதால் இன்னொரு தடவை வெட்ட முடிந்தது. குறைத்து வெட்டியவன் என்ன செய்வான்? டேப்தான் சுற்றுவான்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஊசி ஏறியது. இந்த முறை காற்று. புதன்கிழமை வண்டியை வாசல் சரிவில் மூக்கு மேலாக ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைத் திருகி, குமிழ் நிற்கும்வரை ஊற்றினேன். உன் கடிதம் அன்று மதியம் வந்தது. நான் ஊற்றியது கடிதத்துக்கு முன்னாலா பின்னாலா என்பது உனக்குத் தேவையில்லாத விஷயம்.

பிறகு மூடியைப் போட்டு, ரோட்டில் இறங்கினேன். பெரிய சாலை வரை. பிறகு மேம்பாலம் வரை. பிறகு மேம்பாலம் மேலேயே! இந்தப் பக்கம் இறங்கி, திரும்பி, அந்தப் பக்கம் ஏறி, மூன்று தடவை போனேன். உச்சியில் ஹாரன் அடித்தேன். முன்னால் யாருமே இல்லை. சும்மாதான் அடித்தேன். திரைச்சீலைகளையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

இனி டேப்.

ஞாபகமில்லை என்று எழுதியிருக்கிறாய். டேப்பைச் சுற்றிவிட்டு எல்லாரும் முனையை அப்படியே ஒட்டிவிடுவார்கள். இதில் முனை உள்ளே மடித்து ஒட்டியிருக்கிறது, பிசிறு தெரியாமல், கால் அங்குலம். நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து பட்டை மடித்துக் கொடுப்பாயே, அதே மடிப்பு. டேப்பை அப்படி மடிக்கிறவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி நான். நான் சுற்றவில்லை.

பத்து வண்டியில் ஒரு வண்டி என்று சொல்லாதே. அது அக்கா வண்டி. அதில்தான் நான் ஒரு வருஷம் ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கூட்டிக்கொண்டு வா. எனக்கு உன்னிடம் கேட்க ஒன்றுமில்லை.

அக்கா


மார்ச் 15, ஞாயிறு
உன் வீட்டில், காலை

அக்கா,

உன் வெட்டுகிற மேஜையில் உட்கார்ந்து, அளவு வரைகிற காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மருந்துக்கடைக்காரர் சாவி கொடுத்தார். கொடுக்கும்போது, "நீங்கதான் டேப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதல் பஸ்ஸில் வந்தேன். வாங்குபவரைக் கூட்டி வரவில்லை. நேற்று உன் கடிதம் கிடைத்ததும் வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவன் ஏழரைக்கே வந்து நின்றால் நீயும் இல்லை, வண்டியும் இல்லை. நான் வருவதைப் பார்க்கப் பிடிக்காமல் எங்கேயோ போய்விட்டாய் என்று நினைத்தேன்.

போன வருஷம் சர்வீசுக்கு விட்டாய். மேல் ஹோஸ் உப்பியிருந்தது. அப்போதும் வாங்க ஒருவர் இருந்தார். பத்து நாளில் உன்னைச் சம்மதிக்க வைத்துவிடலாம், போகப்போகிற வண்டிக்குப் புதிதாக எதற்கு என்று, பிரித்துப் போட்ட இன்னொரு வண்டியிலிருந்து ஒன்றை எடுத்து நான்தான் மாட்டினேன். குட்டையாகவும் தொளதொளவென்றும் இருந்தது, தெரியும். தெரிந்துதான் டேப் சுற்றினேன். நீ விற்கமாட்டேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் சொல்லலாம் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம் வெட்கமாக இருந்தது. அப்புறம் நிஜமாகவே மறந்துவிட்டேன்.

அன்றைக்கு நீ 'மேல் ஹோஸ்' என்றதும் எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. பாலத்து மேலேயே பிடுங்கியிருந்தால் என்று தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டேன். உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் அது லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் எப்படித் தெரியும்?

படிவம் கத்தரிக்கோலுக்கு அடியில் இருக்கிறது. நான் போட வேண்டிய மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஊசியைப் பார்க்காமலே போட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரி போன் செய்தாள். நீ எங்கே நிற்கிறாய் என்று சொன்னாள். "ஊசி எங்க நின்னுச்சுன்னு கேளு" என்றேன். போனை மூடிக்கொண்டு உன்னிடம் கேட்டுவிட்டு, "அதை நீங்க கேக்கக்கூடாதாம். அங்கேயே இருக்கணுமாம்" என்றாள்.

இருக்கிறேன்.

தம்பி


மார்ச் 15, ஞாயிறு
உன் பட்டறையில், காலை

தம்பிக்கு,

இதைவிட மோசமாக ஒருத்தன் தன் அக்காவை ஏமாற்ற முடியாது.

விடிந்ததும் கிளம்பினேன். நீ ஆளோடு பஸ் ஏறுவதற்கு முன்னால் வண்டியை உன் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, நீ கேட்ட அரை மணி நேரத்தை உன் ஆட்கள் எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும் என்று வந்தேன். என்ன பேச வேண்டும் என்று அறுபது கிலோமீட்டரும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு நல்ல பேச்சு நான் என் வாழ்க்கையில் தயார் செய்ததில்லை. வந்து நின்று ஹாரன் அடித்தால் உன் வீட்டுக்காரி ஓடிவந்து, "அண்ணி! அவரு கையெழுத்துப் போட்ட காகிதத்தோட உங்க வீட்டுக்குத்தானே போயிருக்காரு!" என்கிறாள். எனக்கு அப்படியே சப்பென்று ஆகிவிட்டது. நான் ஜெயிக்க வந்திருக்கிறேன், நீ அங்கே போய்த் தோற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

ஆனாலும் காட்டினேன். அரை மணி நேரம் ஓடவிட்டேன். உன் வீட்டுக்காரி பார்த்தாள், சர்வீசுக்கு விட்ட தங்கள் வண்டியை எடுக்க வந்த இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருத்தர் குனிந்து ஹோஸைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யாரு போட்டது? நல்லா உக்காந்திருக்கே" என்றார். உன் வீட்டுக்காரி எனக்கு முன்னால் வாயைத் திறந்து, "இவங்கதான்" என்றாள். அப்புறம் என் காதில், "எனக்கும் ஓட்டக் கத்துக் கொடுங்க அண்ணி, இவரு அப்புறம் பாக்கலாம்னே சொல்றாரு" என்றாள். வரும் சனிக்கிழமை அழைத்துப்போக வருகிறேன். உன்னைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

நீ இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னாள். டேப்புக்கு அது போதாது. நீ என்ன காரணம் எழுதி வைத்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது, வீட்டுக்குப் போய்ப் படிக்கிறேன். படித்தாலும் மன்னிப்பேன் என்று நினைத்துக்கொண்டு உட்காராதே. அக்கா வண்டியில் குட்டை ஹோஸ் போட்டவன் நீ. அது மாறாது. அதையும் வைத்துக்கொண்டுதான் நீ என் தம்பி. அதுவும் மாறாது. இரண்டும் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை உன் மேஜை மேல் வைத்துவிட்டு இப்போது கிளம்புகிறேன். உன்னைப் பஸ்ஸில் திரும்பவிடமாட்டேன். பதினொரு வருஷத்தில் நான் ஓட்டி நீ ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. நீ இதைப் படிக்கும்போது நான் உன்னை உன் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிருப்பேன். அறுபது கிலோமீட்டரும் உன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் தேடியிருப்பாய். ஊசியைத் திருட்டுத்தனமாகப் பார்த்திருப்பாய். எங்கே நின்றது என்று இப்போது உனக்கே தெரியும்.

இறங்கும்போது, போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுக்கா என்று கேட்டிருப்பாய். நான் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்திருப்பேன். பதில் இதுதான்: சொல்லமாட்டேன். சேர்ந்துவிடுவேன்.

அக்கா